வால்விலிருந்து ஒரு சாண்

காலை பத்தே கால் மணி. கல்லூரிக்குப் போகும் ஒரே சாலையில், லாட வடிவக் காந்தம் ஒன்றைச் சணல் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டியை இழுத்துப் போவதுபோல் இழுத்துக்கொண்டு போனான் உதவியாளன். மூன்றடி பின்னால், கைகளை முதுகில் கட்டியபடி, வானத்தைப் பார்த்துக்கொண்டு துப்பறிவாளர் நடந்தார். குனிவது உதவியாளனின் துறை, நிமிர்ந்திருப்பது தன் துறை என்று தொழில் தொடங்கிய அன்றே அவர் பிரித்துவிட்டார். உதவியாளனின் அக்காவைக் கட்டியவர் என்பதால் இதற்கு மேல்முறையீடு கிடையாது.

"இதுவரைக்கும் என்ன சிக்கியிருக்கு மச்சான்?"

"ஒரு ஹேர்பின், ரெண்டு சோடா மூடி, ஒரு துருப்பிடிச்ச சாவி. உங்க மேல எனக்கிருந்த மரியாதையும் இங்கதான் எங்கயோ விழுந்திருக்கு அத்தான். இரும்பு இல்ல போல, ஒட்டல."

"போர்டு பின்?"

"ஒண்ணு கூட இல்ல. மூணு தடவை போயிட்டு வந்தாச்சு."

"அப்போ குற்றவாளி பின்னைப் பொறுக்கிட்டான்" என்றார் துப்பறிவாளர், வானத்திடம். ஆதாரம் கிடைத்தால் குற்றம். கிடைக்காவிட்டால் குற்றவாளி அதிபுத்திசாலி. அவருடைய தொழில் முறை இவ்வளவுதான். பதினோரு வருடமாக இதில்தான் குடும்பம் ஓடுகிறது.

விஷயம் இது. மூன்று மாதத்துக்கு முன்னால் கல்லூரி முதல்வர் தன் ரத்த அழுத்தத்தைக் குறைக்க ஒரு சைக்கிள் வாங்கினார். குறைந்துவிட்டது. தனக்கு ஒரு நல்லது நடந்தால் அதை மற்றவர்களுக்குச் சட்டமாக்கிவிடும் ரகம் அவர். பேராசிரியர்கள் எல்லோரும் இனி சைக்கிளில்தான் வரவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். கூடவே இரக்கப்பட்டு ஒரு சலுகை: வழியில் பஞ்சரானால் முதல் வகுப்பு எடுக்க வேண்டாம். பஞ்சர் ஒட்டியவரிடம் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கி வந்தால் போதும்.

முதல் வாரம் இரண்டு பஞ்சர். அடுத்த வாரம் ஐந்து. இன்று காலையோடு நாற்பத்தொன்று. மொத்தம் பதினேழு பேராசிரியர்கள். பதினேழு பேரும் பஞ்சர். மாணவர்கள் மட்டும் பேருந்தில் வந்து, ஆசிரியரில்லாத முதல் வகுப்பில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

"ஏன் இவ்வளவு பஞ்சர்?" என்று முதல்வர் கூட்டத்தில் கேட்டார். "யாரோ ரோட்ல பின் போடறாங்க சார்" என்றார் இயற்பியல். மற்ற பதினாறு தலைகளும் ஒன்றாக ஆடின. பின் போட்டால் யாருக்கு லாபம் என்று முதல்வர் கேட்க, பதினேழு விரல்களும் ஒரே திசையில் நீண்டன: கல்லூரி வாசலில் தார்ப்பாய் கட்டி பஞ்சர் ஒட்டும் அக்காவை நோக்கி. ஒரு தீர்மானத்திலும் ஒன்றுசேராத கூட்டம் அது. நூலகத்துக்கு மின்விசிறி வாங்குவதை நான்கு வருடம் விவாதித்தவர்கள், ஒரு பெண்ணின் கடையைத் தூக்க நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார்கள்.

முதல்வர் மட்டும், "ஆதாரம் இல்லாம ஒருத்தர் பிழைப்புல கை வைக்க மாட்டேன்" என்று சொல்லித் துப்பறிவாளரைக் கூப்பிட்டிருந்தார். இன்று மாலை நான்கு மணிக்குக் கூட்டம். ஆதாரம் வந்தால் ஐந்து மணிக்குத் தார்ப்பாய் இருக்காது.

*

"பின் போடலன்னு நீங்க நிரூபிக்கணும்" என்றார் துப்பறிவாளர், தார்ப்பாய்க்குள் தலையை நுழைத்து.

பஞ்சர் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வணிகவியலின் சைக்கிள் தலைகீழாக நின்றது. பட்டை இரும்பு இரண்டை டயருக்கும் ரிம்முக்கும் நடுவே கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். டயர் வாய் பிளந்தது. உள்ளேயிருந்து டியூபை உருவினாள்.

"போட்டேன்னு நீங்க நிரூபிங்க சார். அதுக்குத்தான உங்களைக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

உதவியாளனுக்கு அக்காவை உடனே பிடித்துப்போனது. அவனுடைய சொந்த அக்கா இதே வாக்கியத்தை வேறு வேறு வடிவில் அத்தானிடம் தினமும் சொல்வாள்.

"நான் ஏற்கெனவே ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன்" என்றார் துப்பறிவாளர். "பதினேழு பேருக்குப் பஞ்சர். ஒருத்தருக்கு மட்டும் இல்ல. முதல்வர்! அதே ரோடு, அதே நேரம், தினமும் சைக்கிள். எப்படித் தப்பிக்கறார்? பின் எங்க கிடக்குன்னு தெரிஞ்சவன்தான் தப்பிப்பான்."

"அவர்தான் அத்தான் உங்களுக்கு இந்த வேலையே கொடுத்தவர்."

"பார்த்தியா, என்ன தந்திரம்!"

அக்கா டியூபில் காற்றடித்து, வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. அங்கே பென்சிலால் ஒரு வட்டம். துடைத்தாள். உப்புத்தாளால் தேய்த்தாள். சொல்யூஷன் பசையை விரலால் மெல்லிசாகத் தடவிவிட்டு, டியூபை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள்.

"ஒட்ட வேண்டியதுதான?" துப்பறிவாளருக்குச் சும்மா இருப்பவர்களைக் கண்டால் ஆகாது, அந்தத் துறையில் அவருக்குப் போட்டி பிடிக்காது.

"ஈரத்துல ஒட்டினா வழுக்கிக்கிட்டு வந்துரும் சார். காயணும். இந்த ரெண்டு நிமிஷம் பொறுக்காதவன் ஒட்டின பஞ்சர் ரெண்டு தெரு தாண்டாது."

"பின் எங்கக்கா?" என்றான் உதவியாளன்.

"டயர்ல இல்ல தம்பி. எப்பவும் அவங்களே பிடுங்கிக் கையில கொடுத்துருவாங்க." மடித்த காகிதம் ஒன்றைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஒரு போர்டு பின், நகைக் கடையிலிருந்து வந்ததுபோல. அதை ஒரு தகர டப்பாவில் போட்டாள். டப்பாவில் ஏற்கெனவே நாற்பது பின்கள் பளபளவென்று கிடந்தன.

உதவியாளன் ஒரு பின்னை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். கீறல் இல்லை, வளைவு இல்லை, மண் இல்லை. "அத்தான், ஒரு நிமிஷம் கேரியர்ல உட்காருங்க."

"எதுக்கு?"

"அறிவியல் சோதனை. எடை வேணும். இந்த இடத்துல எடை உள்ள ஆள் நீங்கதான்."

இதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு, முதல்வர் வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளின் கேரியரில் துப்பறிவாளர் ஏறினார். உதவியாளன் பின்னைச் சாலையில் முனை மேலே பார்க்க வைத்துவிட்டு, சைக்கிளை அதன்மேல் ஓட்டிப் போனான். முதல் தடவை பின் சாய்ந்துகொண்டது. இரண்டாம் தடவை துள்ளி ஓடியது. மூன்றாம் தடவை நசுங்கியது. எடுத்துப் பார்த்தால் ஊசி கொக்கி மாதிரி வளைந்திருந்தது; தலையில் தார்க் கறுப்பும் கீறலும்.

"டப்பாவுல இன்னும் நாப்பது பின் இருக்கு" என்றான் உதவியாளன். "எல்லாம் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. ஒண்ணு கூட ரோட்டையே பார்த்ததில்ல."

துப்பறிவாளர் கேரியரிலிருந்து கம்பீரமாக இறங்க முயன்று, பாதியில் சைக்கிளோடு சேர்ந்து இறங்கினார். "நான் நினைச்சேன்" என்றார் எழுந்துகொண்டே. "முதல்வர் ரோட்ல போடல. ராத்திரி ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய்..."

"பதினேழு வீடு அத்தான். அவருக்கு ரத்த அழுத்தம்."

*

அக்காவின் மடியிலிருந்த சொல்யூஷன் காய்ந்துவிட்டது. ஒட்டுத் துண்டை எடுத்துக் கச்சிதமாக வைத்து அழுத்தி, கட்டைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினாள். பிறகு ஒரு நீள நோட்டை எடுத்து, டியூபை வால்விலிருந்து விரித்த விரல்களால் அளந்து, ஒரு வரி எழுதினாள்.

"என்னக்கா எழுதறீங்க?"

"ஓட்டை எங்க இருந்துச்சுன்னு. நாளைக்கு வந்து 'நீ ஒட்டினது பிச்சுக்கிச்சு'ன்னு சண்டை போடுவாங்க. அதே இடமா இருந்தா என் தப்பு, சும்மா ஒட்டித் தருவேன். வேற இடமா இருந்தா அவங்க தலையெழுத்து. டயர் கம்பெனில பதினோரு வருஷம் இருந்தேன் தம்பி. அளக்காம அங்க ஒரு வேலை கிடையாது."

உதவியாளன் நோட்டை வாங்கிப் புரட்டினான். *இயற்பியல், பின் சக்கரம், பக்கவாட்டு, வால்விலிருந்து அரைச் சாண். வரலாறு, பின் சக்கரம், பக்கவாட்டு, வால்விலிருந்து ஒரு சாண். கணிதம், பின் சக்கரம், பக்கவாட்டு, வால்விலிருந்து நாலு விரல். தத்துவம்...* தத்துவத்துக்கு மட்டும் வால்வையே குத்தியிருந்தார்கள்.

நாற்பத்தொரு வரிகள். அவன் முகத்தில் மெதுவாக ஒரு மகிழ்ச்சி பரவியது. அடுத்தவன் மடத்தனம் முழுசாகக் கையில் கிடைக்கும்போது மட்டும் வரும் மகிழ்ச்சி.

"சக்கரம் மொத்தம் எத்தனை சாண்க்கா?"

"பத்து."

"பத்து சாண் சக்கரம். ரோடு குத்தினா எங்க வேணா குத்தும். இங்க நாப்பத்தொரு ஓட்டையும் வால்வுக்கு ரெண்டு பக்கமும் ஒரு சாணுக்குள்ள. அதுவும் தரையில படற இடத்துல ஒண்ணு கூட இல்ல, எல்லாம் பக்கவாட்டுல. ரோட்டுக்குப் பக்கவாட்டுல எழுந்து நின்னு குத்தத் தெரியாது அத்தான்."

"அப்போ?"

"தரையில படற இடம் கெட்டி. கட்டை விரல் வலிக்கும். பக்கவாட்டுல மெல்லிசு. புத்தகத்தைத் தவிர எதையும் தூக்காத கைக்கு அதுதான் தோது."

"ஆனா வால்வுகிட்ட ஏன்?"

அக்கா முதல் தடவையாகச் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "காத்து அது வழியாத்தான உள்ள போகுது சார். அப்போ அங்கதான் இருக்கும்னு நினைச்சுட்டாங்க. பாவம், படிச்சவங்க."

துப்பறிவாளர் டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "அவங்களே அவங்க சைக்கிளை... பதினேழு பேருமா? சதி!"

"சதி செய்யறதுக்குக் கொஞ்சம் ஒற்றுமை வேணும்" என்றான் உதவியாளன். "இவங்க தனித்தனியாத்தான் பண்ணியிருக்காங்க. முதல் வகுப்புக்கு மட்டம் போட ஒரு சீட்டு, அவ்வளவுதான். ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான் திருடன், மத்த பதினாறு பேருக்கும் நிஜமாவே பஞ்சர்னு நினைச்சுட்டு இருக்காங்க. அதான் பின் கதையை இயற்பியல் சொன்னதும் எல்லாரும் விழுந்தடிச்சுத் தலையாட்டினாங்க. இல்லாத பின்னைப் போட்டது யாருன்னு கேட்டப்போ, பக்கத்துல வேற ஆள் யாரும் இல்ல, இந்தக்கா இருந்தாங்க."

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?" என்றார் துப்பறிவாளர் அக்காவிடம்.

"மூணாவது டியூப்லயே."

"ஏன் சொல்லல?"

அக்கா டயரை ரிம்முக்குள் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே பேசினாள். "சொன்னா? முதல்வர் அந்தச் சீட்டை நிறுத்திருவாரு. சீட்டு இல்லன்னா பஞ்சர் இல்ல. பஞ்சர் இல்லன்னா நான் இந்த வாசல்ல யாருக்காகப் பம்ப்பை வெச்சுக்கிட்டு உட்கார்றது? சொல்லலன்னா இன்னைக்குச் சாயங்காலம் கடையைப் பிடுங்கறாங்க. ரெண்டு பொண்ணு படிக்குது சார். நாலு மாசம் அலைஞ்சு இந்த இடத்துக்கு அனுமதி வாங்கினேன்." கடைசியாக வால்வை முறுக்கினாள். "கடையும் இருக்கணும், பஞ்சரும் நிக்கக்கூடாது. அப்படி ஏதாவது துப்பறிய முடியுமா உங்களால?"

துப்பறிவாளருக்கு இது எதுவும் காதில் விழவில்லை. அவர் ஏற்கெனவே நான்கு மணிக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். மனக்கண்ணில் பதினேழு பேர் வெளிறினார்கள், முதல்வர் கை குலுக்கினார். "ஒவ்வொருத்தரையா எழுப்பி நிக்க வெச்சு, ஒவ்வொரு ஓட்டையாச் சொல்லப் போறேன்."

உதவியாளன் அக்காவைப் பார்த்தான்.  அவள் வேலை முடிந்த சைக்கிளையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். 

"செய்யலாம் அத்தான்" என்றான் உதவியாளன் சாவதானமாக. "எனக்கு ஒண்ணுதான் உறுத்துது. காத்து வால்வுகிட்டதான் இருக்கும்னு நம்பற கூட்டம். அவங்ககிட்ட போய் உங்க மூளையைக் கொட்டி விளக்கணுமா? நாளைக்கு இவங்களே 'துப்பறிவாளர் எங்களுக்குப் புரியற மாதிரி பேசினார்'னு பாராட்டுவாங்க. உங்க பேச்சு *இவங்களுக்கு* புரிஞ்சுதுன்னு வெளியில தெரிஞ்சா..."

துப்பறிவாளரின் முகத்தில் நிஜமான பயம் தெரிந்தது.

"வேண்டாம்" என்றார். "அந்த அளவுக்கு நான் இறங்க முடியாது."

*

நான்கு மணி. நீள மேசை. ஒரு பக்கம் பதினேழு பேர், தலைமை இடத்தில் முதல்வர், கால்சட்டையின் வலது கால் இன்னும் கிளிப் போட்டபடி. அந்த அறையில் சைக்கிளை நேசிக்கும் ஒரே ஜீவன் அவர்தான். கெட்ட மனிதரில்லை. தினமும் நல்லது செய்துகொண்டே இருப்பதால் என்ன நடக்கிறது என்று கவனிக்க நேரமில்லாதவர்.

"ஆதாரம் கிடைச்சுதா?" என்றார்.

துப்பறிவாளர் எழுந்தார். ஒரு வார்த்தை பேசாமல் பதினேழு முகங்களையும் இடமிருந்து வலமாக, பிறகு வலமிருந்து இடமாகப் பார்த்தார். பேசாமல் இருக்கும்போது அவர் மிகச் சிறந்த துப்பறிவாளர்.

உதவியாளன் நோட்டை மேசைமேல் வைத்தான்.

"இது பஞ்சர்க் கடைக் குறிப்பு சார். ஒவ்வொரு ஓட்டையும் சக்கரத்துல எந்த இடம், எந்தப் பக்கம், யாரோட சைக்கிள்னு தேதியோட இருக்கு. படிச்சா பின் எங்கேயிருந்து வந்துச்சுன்னு சின்னப் பிள்ளைக்கும் புரியும். படிக்கட்டுமா?"

வணிகவியல் இருமினார். வரலாறு கைக்குட்டையைத் தேடினார். கணிதம் ஏதோ கணக்குப் போட்டு, விடை பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டார். பதினேழு பேரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் இந்த அறையிலேயே தான் மட்டுமே மாட்டப்போவதாக உறுதியாக நம்பினார்.

"படிக்கறதுக்கு முன்னாடி" என்றான் உதவியாளன், "புகாரை யாராவது வாபஸ் வாங்க விரும்பினா..."

"நான் வாங்கறேன்" என்றார் இயற்பியல். அவர் குரலோடு இன்னும் பதினாறு குரல் மோதிக்கொண்டது. "அந்தம்மா பாவம் சார்." "உழைச்சு சாப்பிடற பொண்ணு." "பின்னுன்னு நாங்க சொன்னதே ஒரு ஊகம்தான்." "நான் அப்பவே சொன்னேன், அவசரப்படாதீங்கன்னு" என்றார் தத்துவம். அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை.

முதல்வர் குழம்பிப்போய்த் துப்பறிவாளரைப் பார்த்தார். "அப்போ பின் போட்டது யாரு?"

உதவியாளன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். துப்பறிவாளர் தாடையைத் தடவினார். பதினேழு பேரையும் இன்னொரு தடவை பார்த்தார். சாக்கடையைத் தாண்டும்போது வேட்டியைத் தூக்கிப் பிடிப்பவர் முகம் அவருக்கு வந்தது. "யாரும் போடல. ரோடு."

உதவியாளன் மூச்சை விட்டான். ஆனால் முழுசாக விடவில்லை, ஏனென்றால் முதல்வரின் முகம் பிரகாசிக்கத் தொடங்கியிருந்தது.

"ரோடுதானா! அப்போ பிரச்சினையே தீர்ந்துச்சு!" மேசையைத் தட்டினார். "என் மைத்துனர் ரப்பர் ஆலை வெச்சிருக்கார். காத்தே தேவையில்லாத கெட்டி டயர் வந்திருக்காம். உள்ள டியூபே கிடையாது. முழு ரப்பர். ஆணி குத்தினாலும் ஒண்ணும் ஆகாது. பதினேழு பேருக்கும் அடுத்த வாரமே மாத்திடறேன், இலவசமா! இனிமே பஞ்சர்ங்கற பேச்சே இல்ல!"

 வெளியே, வாசலில், தார்ப்பாய்க்குள் ஒரு பெண் பம்ப்பை ஓரமாக வைத்துவிட்டுக் கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடை காப்பாற்றப்பட்டுவிட்டது; இனி அதில் ஒரு வேலையும் இருக்காது. துப்பறிவாளர் திருப்தியோடு உட்கார்ந்துவிட்டார். வழக்கு முடிந்தது என்பது அவர் எண்ணம்.

உதவியாளனுக்கு வாயில் ஒரு நக்கலும் வரவில்லை. அப்படி ஒரு நிமிடம் அவன் வாழ்க்கையில் அரிது.

அப்போது இயற்பியல் எழுந்தார்.

முதல்வரே அசந்துபோனார். பத்தொன்பது வருடத்தில் இயற்பியல் எந்தக் கூட்டத்திலும் எழுந்ததில்லை. வகுப்பிலேயே உட்கார்ந்துதான் நடத்துவார். "சார்" என்றார், மேசையைப் பிடித்துக்கொண்டு. "காத்தில்லாத டயர் அறிவியலுக்கு விரோதம்."

"எப்படி?"

"காத்துதான் சார் அதிர்ச்சியைத் தாங்குது. பாஸ்கல் விதி! அடைச்சு வெச்ச காத்துல ஓரிடத்துல அழுத்தினா, அந்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாப் பரவும். அதனாலதான் உங்க முதுகெலும்பு..."

"எல்லா இடத்துக்குமா சார்?" என்றான் உதவியாளன் பணிவாக. அவனுக்கு நக்கல் திரும்பிவிட்டது. "வால்வுகிட்ட மட்டும் கொஞ்சம் கூடுதலா இருக்காதோ?"

இயற்பியலின் முகம் சுண்ணாம்பானது. "இல்ல" என்றார் மெதுவாக. "எல்லா இடத்துலயும்... சமம்தான்."

அவர் உட்காருமுன் வணிகவியல் எழுந்து, கெட்டி டயரின் எடையால் தேய்மானச் செலவு கூடும் என்றார். வரலாறு, நாகரிகம் வளர்ந்ததே காற்றடைத்த சக்கரத்தால்தான் என்று சற்றும் கூசாமல் சொன்னார். கணிதம் கரும்பலகைக்கே போய்விட்டார். தத்துவம், தடையே இல்லாத பயணம் மனிதனை எங்கே கொண்டுபோகும் என்று கேட்டு, விடை தெரியாமல் கண் கலங்கினார். பாடத்தை இந்த ஆர்வத்தில் பாதி வைத்து நடத்தியிருந்தால் அந்தக் கல்லூரி எங்கேயோ போயிருக்கும். இருபது நிமிடத்தில் முதல்வர் கைகளை உயர்த்தினார்.

"சரி, சரி! கெட்டி டயர் வேண்டாம். காத்து டயர்மேல இவ்வளவு பிடிப்பு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!" அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "நீங்களெல்லாம் இவ்வளவு கஷ்டப்பட்டும் சைக்கிள்லதான் வரணும்னு நிக்கறீங்க. அந்தம்மா வெயில்ல ஏன் உட்காரணும்? கடையை நுழைவாயிலுக்கு உள்ள மாத்துங்க. தகரக் கூரை போடுங்க. தண்ணிக்குழாய் ஒண்ணு இழுங்க."

அவரே பேனாவை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

*

அனுமதிக் கடிதத்தை உதவியாளன் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். ஒரு முக்காலியைத் துடைத்து அவனுக்குப் போட்டாள்.

"உங்க அத்தான் எங்க?"

"முதல்வர் சைக்கிளைப் பரிசோதிக்கறார். இன்னும் அவர் மேலதான் சந்தேகமாம்."

அந்த நேரம் பார்த்து இயற்பியல் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி வணிகவியல், மரத்தைப் பார்ப்பதுபோல் நின்றார். அவருக்குப் பின்னால் வரலாறு. ஒருவரையொருவர் பார்த்ததும் மூவரும் திடுக்கிட்டார்கள். மெல்ல மெல்ல, பத்தொன்பது வருட நட்பில் முதல் தடவையாக, ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஓர் உண்மை புரிந்தது.

"நீங்களுமா?" என்றார் வணிகவியல்.

"ஒரு விஷயம் கேட்கணும்மா" என்றார் இயற்பியல் அவசரமாக, அக்காவிடம். "அந்த நோட்டு..."

"நோட்டு என்கிட்டதான் சார் இருக்கு. எங்கயும் போகாது." அக்கா அதைத் திறந்து ஒரு புதுப் பக்கத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாள். ஆறு கட்டங்கள், திங்கள் முதல் சனி வரை. "இனிமே இஷ்டத்துக்கு வரக்கூடாது. ஒரே நாள்ல எட்டுப் பேர் வந்தா முதல்வருக்குச் சந்தேகம் வரும், எனக்கும் கை ஒடியும். ஒரு நாளைக்கு மூணு பேர். பேரை எழுதிட்டு, அந்தந்த நாள்ல மட்டும் வாங்க. பின்னெல்லாம் வேண்டாம், டயர் வீணாப் போகுது. நானே காத்தை இறக்கித் தரேன்."

மூன்று பேராசிரியர்களும் தலையாட்டினார்கள். வாசலில் இன்னும் நான்கைந்து பேர் வந்து, ஒருவரையொருவர் கண்டு, வேறு வழியின்றி வரிசையில் நின்றார்கள். அந்தக் கல்லூரியின் வரலாற்றில் ஆசிரியர்கள் ஒரு கால அட்டவணைக்கு மரியாதை கொடுத்தது அன்றுதான்.

"எனக்குச் சனிக்கிழமை கிடைக்குமாம்மா?" என்றார் இயற்பியல்.

"சனிக்கிழமையைத் தத்துவம் சாரும் இன்னும் ரெண்டு பேரும் கூட்டம் முடிஞ்ச கையோட ஓடி வந்து பிடிச்சுட்டாங்க" என்றாள் அக்கா, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு. "வியாழன் போடட்டுமா? இல்ல, போய்க் கடைசில நில்லுங்க."